கோட்டுக்கு வெளியே நிற்கிறவர்

மாலை ஐந்தரை மணி. பண்டமாரானில் வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லாரிகள் பெரிய சாலையில் வரிசைகட்டி உறுமிக்கொண்டு நிற்கின்றன. திடலில் பையன்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து காற்பந்து ஆடுகிறார்கள். ஒரு பக்கம் சட்டை போட்டவர்கள், மறு பக்கம் சட்டையைக் கழற்றியவர்கள். நம் ஊரில் குழுவைப் பிரிக்கும் முறை இன்றைக்கும் இதுதானே!

கோட்டுக்கு வெளியே ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். சிலர் தகப்பன்மார், சிலர் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியவர்கள். "அடிடா! அடிடா!" என்று அவர்கள் போடும் சத்தத்தில் பையன்கள் காதில் ஒன்றும் ஏறப்போவதில்லை. அவர்களிடமிருந்து பத்தடி தள்ளி ஒருவர் தனியாக நிற்கிறார். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். இடது முழங்காலில் ஒரு பழைய கட்டு. அவர் கத்தவில்லை. கோல் விழுந்தபோது கைதட்டவும் இல்லை. கையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். பந்து இடது பக்கம் போகிறது. அவர் பார்வையோ வலது பக்கத்தில், பந்தே வராத இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஒல்லிப் பையன்மேல் இருக்கிறது.

இப்படி நிற்கிற மனிதர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆடுகிறவனைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. ஆடி முடித்துவிட்டு மறுபடியும் திடலுக்கே வந்து நிற்கிறவரைப் பற்றி யார் எழுதுகிறார்கள்?

கால் தளர்ந்த பிறகு என்ன செய்வது?

காற்பந்தாட்டக்காரனின் ஆயுள் பூவின் ஆயுளைப் போன்றது. பதினெட்டில் மலர்ந்தால் முப்பத்திரண்டில் வாடும். பெரிய குழுவில் ஆடியவனுக்காவது பேர் மிஞ்சும்; அழைத்துப் பேசுவார்கள், மாலை போடுவார்கள். மாவட்ட லீக்கிலும் மாநிலத்தின் கீழ்ப்பிரிவிலும் ஆடியவனுக்கு? அவன் ஆடும்போதே பகலில் வேறு வேலைதான். துறைமுகக் கிடங்கு, நகராண்மைக் கழகம், தொழிற்சாலை, வங்கி, காவல்துறை என்று எங்காவது ஓரிடத்தில் சம்பளம், மாலையில் ஆட்டம். முழங்காலில் ஒரு முறை நரம்பு அறுந்தால் ஆட்டமும் போயிற்று, சில வேளை வேலையும் போயிற்று.

மலேசியாவில் அரைத்தொழில் லீக் 1989-இல்தான் வந்தது. அதற்கு முன் ஆடிய நம்மவர்கள் எல்லாரும் பெரும்பாலும் சம்பளத்துக்கு வேறு வேலையும், மனதுக்குக் காற்பந்துமாக வாழ்ந்தவர்கள். இன்றும் கீழ்ப்பிரிவுகளில் கதை அதுவேதான். 2024-இல் தொடங்கிய ஏ1 அரைத்தொழில் லீக்கில் ஆடுகிற பையன்களில் எத்தனையோ பேருக்குக் காற்பந்து மட்டும் சோறு போடாது.

அப்படிப்பட்ட ஒருவன் ஆட்டத்தை விட்ட பிறகும் ஆட்டம் அவனை விடாமல் பிடித்துக்கொண்டால், அவனுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பயிற்றுநராவது. மற்றது, நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் நல்ல பையனைத் தேடிக் கண்டுபிடிப்பது. இந்த இரண்டாவது வேலைக்காரரை வெளிநாட்டில் ஸ்கவுட் என்பார்கள். நாம் ஆள் தேடுபவர் என்று வைத்துக்கொள்வோம்.

தோட்டத்துத் திடல்கள்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லயங்களுக்கு நடுவே அல்லது கோயிலுக்கு எதிரே ஒரு திடல் இருக்கும். காலையில் பிரட்டுக்கு நின்று, பால் வெட்டி, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த ஆட்கள் மாலையில் அங்கேதான் கூடுவார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடக்கும். கிராணிமார் முதல் வெளிக்காட்டுத் தொழிலாளி வரை ஒரே கோட்டில் நின்று கத்துவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரு குழுவில் மாற்று ஆட்டக்காரனாக இருந்தவன். மாற்று ஆட்டக்காரன் என்றால் ஆரஞ்சுப் பழம் நறுக்கிக் கொடுப்பவன் என்று அர்த்தம். அதை நன்றாகவே செய்தேன்.

அந்தத் திடல்களும் நகரத்துப் பள்ளித் திடல்களும் சேர்ந்து எப்படிப்பட்டவர்களைத் தந்தன! 1972-இல் மூனிக் ஒலிம்பிக் போட்டிக்குப் போன மலேசியக் குழுவில் எம். சந்திரனும் வி. கிருஷ்ணசாமியும் இருந்தார்கள். அங்கே அமெரிக்காவை 3-0 என்று நாம் வென்றோம் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். 1980 ஏப்ரல் 6-ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது கோல் வாசலில் நின்றவர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கியவர். மாஸ்கோவுக்கு மலேசியா போகாமல் புறக்கணித்தது வேறு கதை. ஆறுமுகம் 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 35. கோல் காவலர் என்றால் அந்த வயதில் இன்னும் ஆட்டம் மிச்சம் இருக்கும். இருந்திருந்தால் எத்தனை இளம் கோல் காவலர்களைத் தயார் செய்திருப்பாரோ!

ஆடியவரின் அனுபவம் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்வதற்கு அவர் உயிரோடும் இருக்க வேண்டும், திடலிலும் இருக்க வேண்டும். அப்படி இருந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் கே. ராஜகோபால்.

விங்கராக ஓடியவர்

1956-இல் பிறந்த ராஜகோபால் சிலாங்கூருக்கு விங்கராக ஆடியவர். சிலாங்கூர் என்றால் அந்தக் காலத்தில் சாதாரணக் குழுவா? 1978, 1979, 1981, 1982, 1984, 1986 என்று மலேசியக் கிண்ணத்தைத் தன் வீட்டு அலமாரியிலேயே வைத்துக்கொண்டிருந்த குழு. மொக்தார் டஹாரியும் சந்தோக் சிங்கும் ஆறுமுகமும் ஆடிய குழு. அந்தக் கூட்டத்தில் ஒரு விங்கருக்கு இடம் கிடைப்பதே பெரிது.

ஆட்டத்தை முடித்துக்கொண்டதும் அவர் பயிற்றுநர் வேலைக்கு வந்தார். கிளப்புகள், இளையோர் குழுக்கள் என்று படிப்படியாக நடந்தார். பத்திரிகைகள் அதிகம் எழுதாத ஆண்டுகள் அவை. ஆனால் இளையோர் குழுவைப் பயிற்றுவிப்பவருக்கு ஒரு லாபம் உண்டு. பெரிய ஆட்டக்காரன் எவனும் கைக்கு வராது. பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்தான் வருவான். யாருக்குக் கோபம் சீக்கிரம் வரும், யார் தோற்ற மறுநாள் முதலில் பயிற்சிக்கு வருவான் என்றெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு தேசியக் குழு கைக்கு வரும்போது அந்தக் கணக்கு உதவும்.

2009-இல் தேசியக் குழுவை அவரிடம் கொடுத்தார்கள். நம் காற்பந்து படுகுழியில் கிடந்த நேரம் அது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0-5 என்று தோற்றிருந்தோம். ராஜகோபால் இளைஞர்களை நம்பினார். டிசம்பர் 17-ஆம் நாள் லாவோஸ் நாட்டின் வியந்தியானில் நடந்த சீ விளையாட்டுப் போட்டி இறுதியாட்டத்தில் வியட்நாமை 1-0 என்று வென்று தங்கம் கொண்டுவந்தார்கள் அந்தப் பையன்கள். அந்த ஒரு கோலும் வியட்நாம் ஆட்டக்காரர் தம் வலைக்குள்ளேயே தவறிப் போட்டதுதான். அதனால் என்ன? 1989-க்குப் பிறகு 20 ஆண்டுகள் காத்திருந்த தங்கம் அல்லவா!

அடுத்த ஆண்டு நடந்ததுதான் பெரிய கதை. 2010 டிசம்பர் 1-ஆம் நாள், சுசூக்கிக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் ஜக்கார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1-5 என்று தோற்றது மலேசியா. காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் ராஜகோபாலுக்குப் பதில் யாரைப் போடலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர் குழுவைக் கலைக்கவில்லை. அடுத்து தாய்லாந்தோடு 0-0. லாவோஸை 5-1. அரையிறுதியில் வியட்நாமை புக்கிட் ஜாலிலில் 2-0; ஹனோயில் போய் 0-0 என்று தாக்குப் பிடித்தார்கள். இறுதியாட்டத்தில் எதிரே வந்து நின்றது அதே இந்தோனேசியா.

டிசம்பர் 26-ஆம் நாள் இரவு புக்கிட் ஜாலில் அரங்கில் இருந்தவர்களுக்கு மறக்காது. பார்வையாளர் பக்கமிருந்து யாரோ பச்சை நிற லேசர் ஒளியை இந்தோனேசியக் கோல் காவலரின் கண்ணில் அடிக்க, அவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வெளியேறினார்கள். நம் தரப்பில் நடந்த அசிங்கம் அது, மறைப்பதில் பயனில்லை. சில நிமிடங்களுக்குப் பிறகு ஆட்டம் தொடர்ந்ததும் சாஃபி சாலி ஒன்று, அஷாரி சம்சுடின் ஒன்று, மறுபடியும் சாஃபி ஒன்று. மூன்று கோல்களும் பன்னிரண்டு நிமிடத்துக்குள். டிசம்பர் 29-இல் ஜக்கார்த்தாவில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் இந்தோனேசியாவுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அதைப் பிடித்தவர் 21 வயது கோல் காவலர் கைருல் ஃபாமி. அந்த ஆட்டம் 1-2 என்று தோல்விதான். ஆனால் கூட்டிப் பார்த்தால் 4-2. அந்தக் கிண்ணத்தை மலேசியா வென்றது அதுவே முதல் முறை. டிசம்பர் 31-ஐ நாடு முழுதும் பொது விடுமுறையாக அறிவித்தார்கள்.

அந்தக் குழுவில் எஸ். குணாளனும் கே. குருசாமியும் இருந்தார்கள். கோட்டுக்கு வெளியே ராஜகோபால் நின்றார். 2013 முடிவில் அவருடைய காலம் முடிந்தது. வென்றவனையும் ஒரு நாள் மாற்றுவார்கள். பயிற்றுநர் வேலைக்குச் சேருகிற அன்றே அது கையெழுத்தாகிவிடுகிறது.

வேலை போன பிறகு கிண்ணம் தூக்கியவர்

ராஜகோபாலுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவரும் நம்மவர்தான். பி. சத்தியநாதன். 2007-இல் அவர் நடத்திய இளம் குழு மெர்டேக்கா போட்டியில் மியன்மாரை 3-1 என்று வென்றது. அதன் பின் தேசியக் குழு அவரிடம் வந்தது. மேலே சொன்ன 0-5 தோல்விக்குப் பிறகு அவரை நீக்கினார்கள்.

இன்னொருவராக இருந்தால் முடங்கிப் போயிருப்பார். சத்தியநாதன் கிளந்தானுக்குப் போனார். அங்கே காற்பந்து என்றால் ஊருக்கே பித்து. 2010 அக்டோபர் 30-ஆம் நாள் நெகிரி செம்பிலானை 2-1 என்று வீழ்த்திக் கிளந்தான் தன் சரித்திரத்தில் முதல் முறையாக மலேசியக் கிண்ணத்தை வென்றது. 1921-இலிருந்து நடந்து வரும் கிண்ணம் அது! கோத்தா பாருவில் ஒரு தமிழ்ப் பயிற்றுநரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அதாவது 2010-இன் கடைசி மூன்று மாதத்தில் நாட்டின் மிகப் பெரிய இரண்டு கிண்ணங்களும் இரண்டு தமிழர்களின் கைவழியாக வந்தன. இதை நம் பிள்ளைகளுக்கு எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

பிறகு இராணுவக் குழு, ஃபெல்டா யுனைடெட், 2019-இல் சிலாங்கூர் என்று அவர் பயணம் தொடர்ந்தது. மனதில் பட்டதைப் பட்டென்று பேசுவார். அதனால் விரோதிகளையும் சம்பாதித்தார். மற்றப் பயிற்றுநர்களின் சம்பளம், ஒப்பந்தம் என்று அவர்களுக்காகவும் வாய் திறந்து பேசினார். 2023-இல் காலமானார்.

கிரேக்கர் ஒருவர், முழங்கால் போன இருவர்

"இவர்கள் எல்லாம் பெரிய ஆட்டக்காரர்களாக இருந்தவர்கள் சார், கீழ்ப்பிரிவில் ஆடியவனுக்கு யார் இடம் கொடுப்பார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். கொஞ்சம் வெளியுலகத்தை எட்டிப் பார்ப்போம்.

1970-இல் கிரேக்க நாட்டிலிருந்து ஒரு குடும்பம் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்துக்குப் பிழைக்க வந்தது. கையில் ஐந்து வயதுப் பையன். பெயர் ஆஞ்சி போஸ்டகோக்லு. பிழைக்க வந்த கிரேக்கர்கள் அங்கே 1959-இலேயே தங்களுக்கென்று ஒரு காற்பந்துக் கிளப் வைத்திருந்தார்கள்: சவுத் மெல்பர்ன் ஹெல்லாஸ். நாம் இங்கே சங்கம் வைத்தது போலத்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில், அப்புறம் காற்பந்து. அந்தக் கிளப்பில் பையன் வளர்ந்து, பின்னாட்டக்காரனாகி, தலைவனும் ஆனான்.

1989-இல் அந்தக் கிளப்புக்குப் பயிற்றுநராக வந்தவர் யார் தெரியுமா? ஹங்கேரியின் உலகப் புகழ் பெற்ற ஃபெரென்ஸ் புஷ்காஷ்! அவருக்கு ஆங்கிலம் சரியாக வராது. ஆனால் முன்பு கிரேக்கத்தில் பயிற்றுவித்த காரணத்தால் கிரேக்க மொழி வரும். ஆகவே கிரேக்கம் தெரிந்த ஆஞ்சியே அவருக்கு மொழிபெயர்ப்பாளர், காரோட்டியும் அவரே. பெரியவர் ஒருவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிற வழியெல்லாம் காற்பந்து பற்றிக் கேட்டுக்கொண்டே போக எத்தனை பேருக்குக் கொடுத்து வைக்கும்? 27 வயதில் முழங்கால் காயத்தால் ஆஞ்சியின் ஆட்டம் முடிந்தது. ஐரோப்பாவின் பெரிய லீக் எதிலும் ஆடாதவர். பிறகு பயிற்றுநராகி அதே கிளப்புக்கு இரண்டு முறை லீக் வெற்றி, 2015-இல் ஆஸ்திரேலியாவுக்கு ஆசியக் கிண்ணம், 2025-இல் இங்கிலாந்தின் டோட்டன்ஹாமுக்கு யூரோப்பா லீக் கிண்ணம். அந்த ஆசியக் கிண்ணத்தில் ஆடிய குழுக்களில் மலேசியா இல்லை; நாம் தகுதி பெறவில்லை.

இன்னொரு கதை ஜெர்மனியில். யூலியான் நாகல்ஸ்மான் என்ற பையன் அவுக்ஸ்பர்க் கிளப்பின் இரண்டாம் குழுவில் இருந்தான். 20 வயதில் முழங்கால் போயிற்று. ஒப்பந்தம் மட்டும் பாக்கி. குழுவின் பயிற்றுநர் தாமஸ் டுகெல் — அவரும் காயத்தால் இளம் வயதிலேயே கீழ்ப்பிரிவில் ஆட்டத்தை முடித்தவர் — "சும்மா உட்காராதே, அடுத்து நம்மோடு ஆடப்போகிற குழுக்களைப் போய்ப் பார்த்துக் குறிப்பு எழுதிக்கொண்டு வா" என்கிற வேலையைக் கொடுத்தார். எழுதி எழுதியே பையன் கற்றுக்கொண்டான். 2016-இல், 28 வயதில், ஹோஃபன்ஹைம் என்ற முதற்பிரிவுக் கிளப்புக்கே தலைமைப் பயிற்றுநரானான். 2023-இல் ஜெர்மனியின் தேசியக் குழுவே அவர் கைக்கு வந்தது. முழங்கால் நன்றாக இருந்திருந்தால் ஒரு சாதாரணப் பின்னாட்டக்காரராக மறைந்திருப்பாரோ என்னவோ.

விசிலுக்கு முன் பரீட்சை

ஆசை மட்டும் போதாது. இன்றைக்குப் பயிற்றுநராவதற்கு உரிமம் வேண்டும். ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் கீழ் சி, பி, ஏ, புரோ என்று நான்கு படிகள். சி உரிமம் சிறுவர், இளையோருக்கானது. வகுப்பில் உட்கார்ந்து எழுதுவது பாதி. திடலில் இறங்கி, கூடப் படிப்பவர்களையே ஆட்டக்காரர்களாக வைத்து, பயிற்சி நடத்திக் காட்டுவது பாதி. ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு உடனே தாவ முடியாது. இடையில் உண்மையான குழு ஒன்றைப் பயிற்றுவித்த அனுபவம் கேட்பார்கள். புரோ படிப்பு ஓர் ஆண்டுக்கும் மேல் போகும். மேல்மட்ட லீக்கில் தலைமைப் பயிற்றுநராக நிற்பதற்கு இந்த உயர்ந்த உரிமங்களைத்தான் கேட்கிறார்கள்.

இங்கேதான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள். விடுமுறை எடுக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், பாடம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். கால் நிறைய ஆட்டம் உள்ளவன் பேனாவைக் கண்டு பயந்து பின்வாங்கிவிடுகிறான். ஆடிக்கொண்டிருக்கும்போதே, இருபத்தைந்து இருபத்தாறு வயதிலேயே முதல் உரிமத்தை வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் என்று நான் பார்க்கிற இளைஞர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். தலையாட்டுகிறார்கள்.

நோட்டுப் புத்தகத்தில் என்ன எழுதுகிறார்?

ஆள் தேடுபவருக்கு அந்த அளவு பரீட்சை இல்லை. கண்தான் முதல். அவர் என்ன பார்க்கிறார்? கோல் போட்டவனைக் குருடனும் கண்டுபிடித்துவிடலாம். பந்து தன்னிடம் வருவதற்கு முன்னால் பையன் தலையைத் திருப்பிப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறானா? முதல் தொடுதலில் பந்து அவன் சொன்னபடி கேட்கிறதா, இல்லை ஒரு கஜம் துள்ளி ஓடுகிறதா? இரண்டு காலும் பேசுமா? பந்தை இழந்தவுடன் இடுப்பில் கைவைத்து நிற்கிறானா, துரத்துகிறானா? கூட ஆடுபவன் தப்புச் செய்தால் திட்டுகிறானா? ஒரே ஆட்டத்தை வைத்து முடிவு கட்டாமல், மழையில் ஒரு தரம், தோற்கிற ஆட்டத்தில் ஒரு தரம் என்று மூன்று நான்கு முறை வந்து பார்ப்பவர்தான் கெட்டிக்காரர்.

அவர் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு: "தம்பி, எந்த மாதம் பிறந்தாய்?" ஜாதகம் பார்க்க அல்ல! 12 வயதுக்குக் கீழ், 15 வயதுக்குக் கீழ் என்று பிரிக்கும்போது ஆண்டைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே குழுவில். பன்னிரண்டு வயதில் பதினோரு மாத வித்தியாசம் என்பது உயரத்திலும் பலத்திலும் எவ்வளவு பெரிது! உலகம் முழுதும் இளையோர் குழுக்களை எண்ணிப் பார்த்தவர்கள் கண்டது என்னவென்றால், ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மேல் இருக்கிறார்கள். கடைசி மூன்று மாதத்தார் மிகக் குறைவு. திறமை மாதம் பார்த்துப் பிறப்பதில்லை. பெரிய பையனைப் பார்த்து நல்ல பையன் என்று பயிற்றுநர்கள் ஏமாறுகிறார்கள், அவ்வளவுதான். நவம்பர், டிசம்பரில் பிறந்த மகனைப் பள்ளிக் குழுவில் சேர்க்கவில்லை என்று வருந்தும் தாய்மார்களே, இரண்டு ஆண்டு பொறுங்கள். பந்தை மட்டும் அவனிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள்.

பிந்தி வந்து ஜெயித்ததற்கு உதாரணமும் இருக்கிறது. இங்கிலாந்தில் ஜேமி வார்டி என்பவரை உயரம் போதாது என்று பதினாறு வயதில் ஒரு கிளப் கழித்துவிட்டது. அவர் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே எட்டாம் பிரிவு லீக்கில் ஆடினார். 2012-இல் லெஸ்டர் கிளப் அவரைக் கீழ்ப்பிரிவுக் குழு ஒன்றிலிருந்து பத்து லட்சம் பவுனுக்கு வாங்கியபோது சிரித்தவர்கள் உண்டு. நான்கு ஆண்டு கழித்து லெஸ்டர் இங்கிலாந்தின் சாம்பியன். அந்தக் கிளப்புக்கு ஆள் தேடியவர்களின் தலைவரான ஸ்டீவ் வால்ஷ் முன்பு பள்ளிக்கூட ஆசிரியர்.

பார்க்க யார் வருகிறார்கள்?

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தேசியக் குழுவில் நம்மவர் பெயர் வரிசையாக இருந்தது. இப்போது ஒன்றிரண்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. "பையன்கள் இப்போது ஆடுவதில்லை, கைத்தொலைபேசிதான்" என்று பழியைப் பிள்ளைகள் தலையில் போட்டுவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

தோட்டங்கள் போயின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்தது. கிள்ளானில் புக்கிட் ராஜா தோட்டம் இருந்த இடத்தில் இன்று பெரிய நகரமே இருக்கிறது. லயங்களோடு திடலும் போயிற்று. மக்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்தார்கள். அங்கே கீழே கார் நிறுத்துமிடம்தான் உண்டு. சிம்பாங் லீமா போன்ற பெரிய தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன; ஆனால் எத்தனையோ சின்னத் தமிழ்ப்பள்ளிகளில் பந்தை ஓங்கி உதைத்தால் அடுத்த வீட்டுக் கூரைமேல் விழும். இதற்கும் மேலே, ஆள் தேடுபவர்கள் போகிற இடங்கள் வேறாகிவிட்டன. 2014-இல் தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம் வந்தது. பகாங்கின் கம்பாங்கில் மொக்தார் டஹாரி பெயரில் கழகமும் வந்தது. நல்ல முயற்சிகள்தான். ஆனால் தேர்வு நாளன்று பையனைக் கூட்டிப்போக அப்பாவுக்கு விடுமுறை கிடைக்க வேண்டும், தேர்வு நடப்பதே வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் குறையைத் தீர்க்க நம்மவர்கள் ஒரு கிளப்பையே நடத்திப் பார்த்தார்கள். மீஃபா என்று சுருக்கமாக அழைக்கப்படும் மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் குழு 2016-இல் எஃப்.ஏ.எம். லீக்கில் இறங்கியது, 2017-இல் பிரிமியர் லீக், 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரோடு நாட்டின் உச்சமான சூப்பர் லீக். கே. தேவன், பி. மணியம் போன்றவர்கள் பயிற்றுநர்களாக இருந்தார்கள். கடைசி ஆண்டுகளில் வெளிநாட்டு ஆட்டக்காரர் எவரும் இல்லாமல், உள்ளூர்ப் பையன்களை மட்டும் வைத்தே கோடிக்கணக்கில் செலவழிக்கும் கிளப்புகளோடு மோதினார்கள். 2022 முடிவில் அந்தக் கிளப் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. கிரேக்கரின் ஹெல்லாஸ் கிளப்பும் பின்னாளில் உச்ச லீக்கில் இடம் இழந்ததுதான். ஆனால் அது இன்றும் கீழே இருந்து ஆடுகிறது, பையன்களை வளர்க்கிறது. நாம் மேலே ஏறுவதற்குப் பட்ட பாட்டில் பாதியைக் கீழே ஊன்றி நிற்பதற்குப் பட்டிருக்கலாமோ என்று எனக்கு ஓர் ஆதங்கம்.

பண்டமாரான் திடலில் இருட்டத் தொடங்கிவிட்டது. பையன்கள் சட்டையைத் தேடிப் போட்டுக்கொள்கிறார்கள். தனியாக நின்றவர் நோட்டுப் புத்தகத்தைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, கொஞ்சம் நொண்டியபடி அந்த ஒல்லிப் பையனிடம் போகிறார்.

"தம்பி, பேர் என்ன?"

பையன் சொல்கிறான்.

"எந்த மாசம் பிறந்தே?"

"டிசம்பர், அங்கிள்."

அவர் ஒன்றும் சொல்லாமல் நோட்டுப் புத்தகத்தை மறுபடியும் வெளியே எடுக்கிறார். "வீட்டுல அப்பா எத்தனை மணிக்கு வருவார்?" என்று கேட்கிறார்.